கடைமடைக்கு ஏறாத எண்ணெய்

டிக்.

முனியராஜ் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அது ஓடிப் போய்விடும் என்று தோன்றியது.

டிக்... டிக்... டிக்...

ஆடி மாதத்து மத்தியானம். விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில், மெயின் ரோட்டிலிருந்து இறங்குகிற மண் பாதையின் முனையில் அவனுடைய ஒர்க்‌ஷாப். தகரக் கூரை மேல் காற்று மண்ணை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பழைய லாரி சீட்டில் மல்லாந்து கிடந்தவனுடைய அரைத் தூக்கத்துக்குள் அந்தச் சத்தம் சாவகாசமாக நடந்து வந்தது. வெண்கலக் கும்பாவை யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி. தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

ராக்கர் சத்தம்தான். சந்தேகமே இல்லை. வால்வைத் தட்டித் திறக்கிற அந்த இரும்புக் கை காய்ந்து போய்க் கதறுகிறது.

துள்ளி எழுந்தான். எதிரே ஸ்டாண்டு போட்டு நின்றது அன்வருடைய கறுப்பு புல்லட். டேங்கின் மேல் ஒரு படலம் தூசி. ஓடிப்போய் என்ஜினைத் தொட்டான். சூடே இல்லை.

அணைத்து மூன்று மணி நேரமான என்ஜின் எப்படி டிக்கென்னும்?

முனியராஜ் இடது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினான். டிக்... டிக்... குறையவில்லை. பொத்தப் பொத்தக் கூடத்தான் செய்தது.

"சை!" என்று கையை உதறினான்.

அந்தக் காதின் கதை சின்னது. ஆறு வருடத்துக்கு முன்பு அவன் திருத்தங்கலைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேன் மெக்கானிக். ஒரு காலையில் வேனுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது, நூறடி தள்ளியிருந்த மருந்து கலக்குகிற அறை எழுந்து ஆகாயத்துக்குப் போனது. வேன் அவனைக் காப்பாற்றியது. இடது காதை மட்டும் கைவிட்டுவிட்டது. அன்றையிலிருந்து அந்தக் காது ஊரில் நடப்பதைக் கேட்பதில்லை. தன் பாட்டுக்கு எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும். சில நாள் சில்வண்டு. சில நாள் குக்கர் விசில். இந்த ஒரு வாரமாக, இந்த ராக்கர் டிக் டிக்.

"வெளியில சத்தம் இல்லப்பா. நரம்பு சொல்ற பொய். பழகிக்க" என்று மதுரை டாக்டர் அனுப்பிவிட்டார்.

பழகித்தான் இருந்தான், போன வருடம் வரைக்கும். ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஒன்றில் சத்தம் கேட்கிறது என்று என்ஜினைப் பிரித்து மேய்ந்தான். உள்ளே எல்லாம் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்றிருந்தது. லாரிக்காரன் போட்ட கூச்சலில் மெயின் ரோடு டீக்கடை வரைக்கும் சேதி போய்விட்டது. முனியராஜ் இல்லாத சத்தத்துக்கு வைத்தியம் பார்க்கிறவன்.

இப்போது மறுபடியும் ஒரு சத்தம். இந்த முறை தப்பினால் கூச்சலோடு போகாது.

*

கயத்தாறில், யுத்த காலத்தில் போட்டு அப்புறம் யாருக்கும் வேண்டாமல் போன விமான ஓடுதளம் ஒன்று காற்றாலைகளுக்கு நடுவே நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அதில் புல்லட்டுகளுக்கு மட்டும் ஒரு பந்தயம். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. ஒரே கோடு. முதலில் போய்ச் சேருகிறவன் ராஜா.

விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் செய்யது அபுதாஹிரின் மகன் அன்வருக்கு அந்தக் கோட்டின் மேல் இரண்டு வருடமாகக் கண். அவனுக்காகத்தான் முனியராஜ் இந்த என்ஜினைக் கட்டியிருந்தான். பெரிய பிஸ்டன். வால்வை இன்னும் உயரத் தூக்கும் கேம், கோயம்புத்தூரில் கடைந்தது. அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க, கையால் அமுக்கினால் அமுங்காத வால்வு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்குகளை நாளெல்லாம் இடித்துத் தள்ள வேண்டியவை மேலே இருக்கிற இரண்டு ராக்கர்கள்; புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் பக்கத்து ராக்கர்தான் சூட்டில் முதலில் காயும். அவற்றுக்கு எண்ணெய் தாராளமாக வேண்டும். கம்பெனி போட்ட மெல்லிய குழாய் பற்றாது என்று, கீழே பம்பிலிருந்து மேலே என்ஜினின் தலைக்குப் பென்சில் கனத்தில் ஒரு செம்புக் குழாயைத் தானே வளைத்து, பற்றவைத்து, மாட்டியிருந்தான்.

எல்லாம் சரி. ஆனால் என்ஜின் சூடேறிப் பத்து நிமிடம் கழிந்ததும், டிக்.

ராக்கர் எண்ணெய் இல்லாமல் இறுகினால் வால்வு திறந்தபடியே நிற்கும். மேலே ஏறுகிற பிஸ்டன் அதில் போய் முட்டும். நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பின் சக்கரம் கல்லாகிவிடும். அப்புறம் அன்வர் எங்கே விழுவான் என்பதைக் காற்றாலைகள்தான் சொல்ல வேண்டும்.

சத்தம் நிஜமாக இருந்தால்தான் இத்தனையும். காதுக்குள் இருந்தால் ஒன்றுமே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அன்வர் வந்தான். தனியாக வரவில்லை. சிவகாசி ரோட்டில் நாற்பது வருடமாகப் புல்லட் பார்க்கிற வேலுச்சாமியையும் கூட்டி வந்திருந்தான்.

"தப்பா நெனைக்காதீக அண்ணே. ஒரு மனசமாதானத்துக்கு" என்றான் அன்வர், முகத்தைப் பார்க்காமல்.

"நெனைக்க என்ன இருக்கு? பாக்கட்டும்" என்றான் முனியராஜ்.

வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராக்கரைத் தள்ளுகிற டேப்பட் தண்டுகளை விரலால் சுற்றிப் பார்த்து மூடிவிட்டு, கிக்கரை உதைத்தார். குட்டையாக வெட்டிய சைலன்சர் ஊரைக் கூட்டியது. ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து. எண்ணெய் டேங்க் மூடியைத் திறந்து விரலால் காட்டினார். என்ஜினைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற எண்ணெய், அங்கே குபுக் குபுக்கென்று துப்பிக்கொண்டிருந்தது.

"பம்பு ஊத்து மாதிரி அடிக்கி. பெறகு எங்கன காயும்? டேப்பட்டையும் சுத்திப் பாத்துட்டேன், கச்சிதமா இருக்கு."

"மேல கேளுங்க மாமா. எக்ஸாஸ்ட் பக்கம். அந்த முழக்கத்துக்கு அடியில, நூல் கணக்கா."

வேலுச்சாமி கேட்டார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு என்ஜினை அணைத்தார்.

"மாப்ளே, ஒன் காதுக்குள்ள ஒரு புல்லட்டு ஓடுது. மொதல்ல அத ஆஃப் பண்ணு."

அன்வர் சிரிக்கக் கூடாது என்று பார்த்தான். முடியவில்லை. சிரித்துவிட்டு, முனியராஜின் தோளைத் தொட்டான். "அண்ணே, சனிக்கிழம காலைல வண்டிய எடுத்துக்கிடுதேன். போதும், நீங்க நல்லாத்தான் கட்டியிருக்கீக."

முனியராஜ் தலையாட்டினான். அணைந்த வண்டி அவனுக்கு மட்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

*

வியாழக்கிழமை காலையில் அவன் ஒரு முழம் நீளத்துக்கு வேலங்குச்சி ஒன்றைச் சீவினான்.

காதை நம்ப முடியாது. சரி. பல்லை நம்பலாமே?

ஒரு முனையைக் கடைவாய்ப் பல்லால் கடித்துக்கொண்டான். மறு முனையை ஓடுகிற என்ஜினின் தலையில் வைத்தான். உடனே மண்டைக்குள் ஒரு பெரிய வீடு திறந்தது. பிஸ்டனின் உலக்கைக் குத்து. கியர்களின் முணுமுணுப்பு. செயின் இழுபடுகிற சரசரப்பு. குச்சியை ஒரு அங்குலம் நகர்த்தினான். அங்கே ஒரு சின்ன, கூர்மையான கொத்தல். மீன் தூண்டிலைக் கொத்துவது போல் பல் வேரில் வந்து கொத்தியது. குச்சியை எடுத்தால் போனது. வைத்தால் வந்தது.

நரம்பு பொய் சொல்லும். பல்லுமா சொல்லும்?

ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல? 'பல்லில் கேட்டது' என்றால் வேலுச்சாமி, 'அப்ப பல்லு வெளக்குனியா?' என்பார்.

பக்கத்திலேயே வீடு. வாசல் நிழலில் பாய் விரித்து, அவன் மனைவி பொன்மணி காகிதக் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற சீசன். ராக்கெட்டுக்கான பென்சில் கனத்துக் குழாய்களைக் கம்பெனி ஏஜெண்டு கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். ஒவ்வொன்றிலும் ஒரு வாயை அடைக்க வேண்டும். துண்டுக் காகிதத்தை மடித்து, முறுக்கி, பசையில் தொட்டு, குழாய்க்குள் விட்டு, குச்சியால் ஒரு விரற்கணு ஆழத்துக்குத் தள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அடைத்ததே தெரியாது. மருந்து மட்டும் அந்தப் பக்கம் போகாது.

"பொன்னு, இங்கன ஒரு நிமிசம் வா. இந்தக் குச்சியக் கடி."

பதில் இல்லை. எட்டிப் பார்த்தான். பொன்மணி தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆனால் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. மடித்து, முறுக்கி, தொட்டு, தள்ளி, பக்கத்தில் வைத்து, அடுத்ததைத் தேடி எடுத்து... பாயின் மேல் அந்த இரண்டு கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல விழித்திருந்தன.

எழுப்ப மனசு வரவில்லை. லாரி சீட்டில் போய்ச் சாய்ந்தான். காற்று தகரத்தை இசைத்தது. கண் சொக்கியது.

அவன் ஒரு கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தான். தண்ணீர் தேன் நிறத்தில் இருந்தது. வழவழவென்று, அலையே இல்லாமல், கரை தளும்ப நின்றது. கரையின் படிகள் கல் இல்லை; என்ஜின் சிலிண்டரின் இரும்பு அடுக்குகள். மடை திறந்திருந்தது. தேன் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அவனும் கூடவே நடந்தான். சட்டையில்லாத உடம்புக்கு இதமான சூடு. நடக்க நடக்க வாய்க்கால் மேட்டில் ஏறியது. தண்ணீரும் மேட்டில் ஏறியது. அதில் அவனுக்கு ஆச்சரியமே இல்லை.

மேலே கடைசி வயல். கடைமடை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதில் இரண்டு காளைகள் மாற்றி மாற்றித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒன்று நிமிர்ந்தால் ஒன்று குனிந்தது. வலது பக்கத்துக் காளை குனியும்போதெல்லாம் அதன் கொம்பு ஒரு பாறையில் பட்டது.

டிக்.

"தண்ணி வரலையா?" என்று கேட்டான். காளை அவனைப் பார்த்தது. கண்மாயும் நிறைந்திருக்கிறது, மடையும் திறந்திருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் வரவில்லை? அவன் கீழே ஓடி, இரு கையிலும் அள்ளி வந்து காளையின் கழுத்தில் விட்டான். கொம்பு பாறையில் பட்டது. சத்தம் வரவில்லை. ஒரு தடவை... இரண்டு தடவை... கழுத்து காய்ந்தது. டிக்.

முனியராஜ் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவன் மெதுவாகச் சொன்னான், தன்னிடமே:

"கண்மாய எட்டிப் பாத்துட்டு ஊரே வெளஞ்சிருச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு மாமா."

டேங்க்குக்கு வருகிற எண்ணெய் கீழே மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. மேலே போனதற்கு அது சாட்சியே இல்லை.

*

வெள்ளிக்கிழமை காலை. "அரை மணி நேரம் வந்துட்டுப் போ. பெறகு வண்டிய நீ எங்க வேணும்னாலும் கொண்டு போ" என்று முனியராஜ் போன் போட்டு அழைத்திருந்தான். அன்வர் வத்தல் நெடியோடு வந்து தும்மினான்.

"இதக் கடி."

"என்னது அண்ணே இது?"

"கடிலே! கேள்வி கேக்காத."

வத்தல் கடை வாரிசு வேலங்குச்சியைக் கடித்துக்கொண்டு குனிந்தான். பாதையில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். என்ஜின் ஓடிப் பதினோரு நிமிடம். முனியராஜ் குச்சியின் முனையை நகர்த்தி எக்ஸாஸ்ட் ராக்கரின் மூடி மேல் வைத்தான்.

அன்வருடைய கண்கள் அகன்றன. "ம்ம்! ம்ம்ம்!"

"எடுத்துட்டுப் பேசு."

"கொத்துது அண்ணே! பல்லுல கொத்துது!"

"இப்பப் பாரு." என்ஜினை அணைத்து, ராக்கரின் மூடியைக் கழற்றி, எண்ணெய்க் கேனின் மூக்கை உள்ளே விட்டுத் தாராளமாக ஊற்றி மூடினான். திரும்ப ஓடவிட்டான். "கடி."

அன்வர் கடித்தான். குச்சியை அங்கும் இங்கும் நகர்த்தினான். உதட்டைப் பிதுக்கினான். இல்லை.

காற்று வீசியது. புல்லட் தடதடத்தது. பத்தாவது நிமிடத்தில் அன்வர் குச்சியோடு சிலையாக நின்றான். நெற்றியில் வியர்வை பொடித்தது. கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலால் காற்றில் தட்டினான். டிக்... டிக்... டிக்...

ஒரு வருடத்துக்குப் பிறகு, முனியராஜோடு இன்னொருவன் அதே சத்தத்தைக் கேட்கிறான்.

இனி நிதானம் தேவையில்லை. வேகம்தான். ஓடுகிற என்ஜினிலேயே செம்புக் குழாயின் மேல் முனையைத் தளர்த்தினான். எண்ணெய் கசிந்து கொட்ட வேண்டிய இடம். ஒரு சொட்டு தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். கீழ் முனையைத் தளர்த்தினான். சர்ர்ரென்று பீய்ச்சி அன்வருடைய வெள்ளைச் சட்டையில் கோலம் போட்டது.

"அடப்பாவிகளா, உம்மா கொன்னுருவாக!"

"கீழ வருது. மேல போகல. அப்ப நடுவுல." என்ஜினை அணைத்தான். குழாயைக் கழற்றினான். வாயில் வைத்து ஊதினான். கன்னம் உப்பியதுதான் மிச்சம். "நாந்தானே பத்தவச்சேன், நாந்தானே காத்தடிச்சுச் சுத்தம் பண்ணி வச்சேன்..."

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்துக் குழாய்க்குள் விட்டான். ஒரு விரற்கணு ஆழத்தில் மெத்தென்று தட்டியது. இழுத்தான்.

எண்ணெயில் ஊறிய சின்னக் காகித உருண்டை ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. காலண்டர் அச்சடித்த கழிவுத் தாள். ரோஜா நிறத்தில் ஏதோ பூவின் பாதி. மூன்று மடிப்பு. அப்புறம் இடது பக்கமாக ஒரு முறுக்கு.

முனியராஜின் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

சிவகாசிச் சீமையில் ஆயிரம் பெண்கள் குழாய் அடைக்கிறார்கள். அத்தனை பேரும் வலது பக்கம்தான் முறுக்குவார்கள். இடது கைப் பழக்கமுள்ள ஒருத்தி மட்டும் இடது பக்கம் முறுக்குவாள். 'ஒங்க கட்டு மட்டும் தனியாத் தெரியும் பொன்மணி' என்று ஏஜெண்டு கேலி பண்ணுவார்.

போன வாரம் வியாழக்கிழமை. குழாயைப் பற்றவைத்து, காற்றடித்து, ஆறட்டும் என்று வாசல் நிழலில், அந்தப் பாயின் ஓரத்தில்தான் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். பாய் நிறையக் குழாய்கள். அதே கனம், அதே வாய். சுவரில் சாய்ந்து தூங்குகிற ஒருத்தியின் தூங்காத கைகள்...

"என்ன அண்ணே? என்ன இருந்துச்சு?"

"தூசி" என்றான் முனியராஜ். "தூசிதான்."

*

"கையத் தெறங்க."

பொன்மணி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவள் வந்தது இடது பக்கமாக. அவனுக்குக் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல பொன்னு. நீ போயி..."

"தூசிய எதுக்குப் பொத்தி வைக்கணும்? தெறங்க."

திறந்தான். அவள் அதை எடுத்தாள். இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். முறுக்கைப் பிரித்தாள். ஒரு நொடி சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பிறகு முகம் வெளிறிப் போனது.

"போன வாரக் கட்டுல ஒரு குழாய் அடைக்காம வந்துருக்குன்னு ஏஜெண்டு ஏசிட்டுப் போனாரு. நான் அடைச்சேன், அம்புட்டையும் எண்ணி அடைச்சேன்னு சண்ட போட்டேன்." அவள் அன்வரைப் பார்த்தாள். "எண்ணிக்க சரியாத்தான் இருந்துருக்கு தம்பி. ஒண்ணு மட்டும் ஒங்க வண்டிக்குள்ள போயிருச்சு."

"பொன்னு, வேணாம்..."

"சும்மா இருங்க. ஒரு வாரமா ஒங்களப் பைத்தியம்னு ஊரே சொல்லுச்சு. நானும் நெனச்சேன். ராத்திரி நீங்க காதப் பொத்திக்கிட்டுப் பொரளும்போது, பாவம் மனுசனுக்கு முத்திருச்சுன்னு நெனச்சேன்." தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள், முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பது போல. "தூங்கையில கூடவா வேல பாக்கும் இதுக?"

எண்ணெய் வடிகிற சட்டையோடு நின்ற அன்வர் தும்மினான். பிறகு சொன்னான்:

"ராக்கெட்டுன்னு நெனச்சுட்டீக போல மதினி. விடுங்க. அதுவும் மேல போறதுதான், நானும் மேல போகப் பாத்தேன். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமில்ல."

"வாயக் களுவு" என்றாள் பொன்மணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆனால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

மத்தியானத்துக்குள் முனியராஜ் மேல் பாகத்தைப் பிரித்தான். எக்ஸாஸ்ட் ராக்கரின் துளையில் நகம் கீறினது மாதிரி வரிகள் விழுந்திருந்தன. அதன் அச்சு ஓரிடத்தில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இன்னும் அரை மணி ஓட்டம் தாங்கியிருந்தால் அதிகம். பழைய என்ஜினிலிருந்து நல்லதாக ஒரு ஜோடி எடுத்துப் போட்டான். குழாயை மாட்டுமுன் காற்றடித்தான், கம்பி விட்டான், பொன்மணியிடம் கொடுத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னான். அவள் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் ஆகாயம் தெரியுது. மாட்டுங்க."

மேல் முனையைத் தளர்த்தி ஓடவிட்டதும், எண்ணெய் கொப்பளித்து வந்து அவன் மணிக்கட்டில் வழிந்தது. துடைக்காமல் நின்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை கயத்தாறில் காற்று நிற்கவிடவில்லை. நூறு காற்றாலைகள், நூறும் நிதானமாக, நீச்சல் அடிக்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. ஓடுதளத்தின் மறு கோடி கானலில் கரைந்து, ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. புல்லட்டுகள் இரண்டிரண்டாகப் போயின. போய்த் திரும்பும்போதுதான் யார் ஜெயித்தது என்று தெரியும்.

அன்வரின் முறை. என்ஜின் ஓடிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கூட வந்திருந்த வேலுச்சாமி குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "சுத்தமா இருக்கு மாப்ளே. போகலாம்."

அன்வர் ஹெல்மெட்டின் கண்ணாடியை உயர்த்தினான். அவன் வேலுச்சாமியைப் பார்க்கவில்லை.

"அண்ணே. போகவா?"

முனியராஜ் கண்ணை மூடினான்.

டிக்.

டிக்... டிக்... டிக்... தெளிவாக, அருகில், அதே இடத்தில். குச்சி கையில் இல்லை. கோட்டுக்கு அருகே குச்சியும் கம்பியும் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பக்கத்து வண்டிக்காரன் முறுக்கிக்கொண்டு நிற்கிறான். கொடி பிடித்தவன் கையை உயர்த்துகிறான்.

"அண்ணே!"

முனியராஜ் எட்டி, அன்வரின் கைக்கு மேலேயே கை வைத்து, ஆக்சிலரேட்டரைத் திருகினான். என்ஜின் இரண்டு மடங்கு வேகத்தில் பாடியது. ராக்கர் சத்தமென்றால் அதுவும் கூடவே ஓடியாக வேண்டும். ஓடவில்லை. டிக்... டிக்... டிக்... அவசரமே இல்லாமல், கானலுக்குள் தனியாக நடந்து போகிற ஆள் மாதிரி, தன் நடையில் நடந்தது. கையை விட்டான். என்ஜின் தணிந்தது. டிக் தணியவில்லை.

அது அவன் காதினுடையது. வண்டியுடையது இல்லை.

"போ" என்றான். "மேல எண்ணெ இருக்கு. போ!"

கொடி விழுந்தது. இரண்டு கறுப்பு வண்டிகளும் முழக்கத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு பாய்ந்தன. கை அகலமாக, விரல் அகலமாக, புள்ளியாக, பிறகு நீர் போல் ஆடும் வெளிச்சத்துக்குள் ஒன்றுமில்லாமல் போயின. காற்று சத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனது.

மிச்சமிருந்தது காற்றாலைகளின் ஹூம், ஹூம். பொன்மணி பக்கத்தில் வந்து நின்றாள், வலது பக்கமாக. அரை நிமிடம். ஒரு நிமிடம். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். வேலுச்சாமி நெற்றிக்குக் கை வைத்துத் தூரத்தைத் துழாவினார்.

"ஒண்ணையும் காணமே" என்றார் மெல்ல.

முனியராஜ் தலையை லேசாகத் திருப்பினான். வலது காது ஓடுதளத்தைப் பார்க்கிற மாதிரி. கண்ணை மூடினான். காற்றுக்கு அடியில், காற்றாலைகளுக்கு அடியில், வெகு ஆழத்தில், ஒரு தடதடப்பு. உருண்டையாக, எண்ணெயில் தோய்ந்து, எங்கேயும் உரசாமல்.

"வாறான்" என்றான்.

எல்லோரும் பார்த்தார்கள். தார் வெறுமையாக மினுங்கியது. ஒன்றுமே இல்லை.

பொன்மணி மட்டும் பார்க்கவில்லை. குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, அந்த வெறும் ஓடுதளத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.